படம் முடிந்த பிறகு கதைப்போம்

மாங்குளத்திலிருந்து சற்று உள்ளே போனால் ஒரு தையல் நிலையம். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். சேமிப்புக் குழுவின் கூட்டம் முடிந்து கணக்குக் கொப்பியும் மூடியாகிவிட்டது. பிளேன்ரீயும் பனங்கட்டியும் வந்து சேர்ந்தன. அந்த நேரம் பார்த்து ஒரு தங்கை கேட்டாள்:

"அக்காமார், அந்த ரூரிஸ்ற் ஃபமிலி படம் பார்த்தனீங்களோ?"

அவ்வளவுதான். கடன், வட்டி, தறிபோன தையல் மெசின் எல்லாம் பின்னுக்குப் போயின. சிலர் யாழ்ப்பாணத்துக்குப் போய்த் திரையில் பார்த்திருந்தார்கள். சிலர் மகனின் போனில் பாதிப் பாதியாகப் பார்த்து முடித்திருந்தார்கள். "நாங்கள் என்ன படிச்சனாங்களே, படத்தைப் பற்றிச் சொல்ல?" என்று தொடங்கிய ஓர் அம்மாதான் கடைசிவரை அதிகம் கதைத்தார். அன்று அங்கே கேட்டவற்றை வாசகிகளுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். அவர்கள் விரும்பியபடி எவருடைய பெயரையும் இங்கே தரவில்லை.

சிரிப்புக்கு இருந்த மொழி

'ரூரிஸ்ற் ஃபமிலி' 2025 மே மாதம் முதலாம் திகதி வெளிவந்த தமிழகப் படம். அபிஷன் ஜீவிந்த் என்ற இளைஞரின் முதற் படம். இலங்கையின் பொருளாதார நெருக்கடியைத் தாங்க முடியாமல் கணவன், மனைவி, இரண்டு ஆண் பிள்ளைகள் என ஒரு குடும்பம் வள்ளமேறி இராமேஸ்வரத்தில் இறங்குகிறது. பிறகு சென்னைக்குப் போய், தாங்கள் யார் என்பதை மறைத்து ஒரு தெருவில் குடியிருக்கிறது. சசிகுமார் தந்தையாகவும் சிம்ரன் தாயாகவும் நடித்திருக்கிறார்கள்.

கதை கற்பனை. ஆனாலும் 2022 மார்ச் மாதம் தொடக்கம் இங்கிருந்து குடும்பங்கள் படகில் தனுஷ்கோடிக் கரைக்குப் போனது உண்மை. பால்மாவும் மண்ணெண்ணெயும் இல்லாமல் வரிசையில் நின்ற அந்த நாட்களை எவரும் மறக்கவில்லை. "கப்பல் காசுக்குத் தோட்டை வித்துப்போட்டுப் போகேலாமல் நின்றவள் நான். அதாலை முதல் காட்சியிலையே எனக்குப் படம் பிடிச்சிட்டுது" என்றார் ஒருவர்.

பேச்சு வழக்கைப் பற்றித்தான் பெரிய விவாதம் நடந்தது. சிம்ரனின் பேச்சு சில இடங்களில் எங்கள் பேச்சுப் போலவும் சில இடங்களில் வேறு போலவும் இருந்ததாகப் பலர் சொன்னார்கள். முதலில் பேசத் தயங்கிய அந்த அம்மா அப்போது ஒரு பழைய படத்தை நினைவூட்டினார். 2000ஆம் ஆண்டில் வந்த 'தெனாலி'யில் கமல்ஹாசன் எங்கள் பேச்சில் கதைப்பார்.

"அப்ப எங்கட கதையைக் கேட்டுச் சனம் சிரிச்சுது. நாங்களும் சிரிச்சனாங்கள்தான். இந்தப் படத்திலை, உங்கட பாசை தெரிஞ்சால் பிடிச்சிடுவினம், வாயைத் திறக்காதேங்கோ எண்டு தம்பிக்காரன் சொல்லுறான். கடைசியிலை பாருங்கோ, பொலிசு வந்து கேக்கேக்கை அந்தத் தெருச் சனமெல்லாம் எங்கட மாதிரிக் கதைச்சு அந்தக் குடும்பத்தைக் காப்பாத்துது. அந்த இடத்திலை நான் அழுதிட்டன்."

இருபத்தைந்து வருடத்தில் ஒரு பேச்சு வழக்கு திரையில் பகிடியாக இருந்து பாதுகாப்பாக மாறியதை அவர் இப்படி எளிதாகச் சொல்லிவிட்டார்.

எல்லாரும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. 1990இல் இந்தியாவுக்குப் போய், பல வருடம் முகாமில் இருந்து திரும்பி வந்த ஒரு சகோதரி தலையை ஆட்டினார். "படத்திலை நல்ல பொலிசுக்காரன் ஒராள் விட்டிடுறார். அவை நேரே சென்னைக்குப் போய் வீடெடுத்து வேலையும் தேடுகினம். நாங்கள் போய் இறங்கினால் மண்டபம் முகாம்தான். பதிவு, விசாரணை, வெளியிலை போனால் பின்னேரம் கணக்கெடுப்புக்கு வந்து நிக்கவேணும். அதைக் காட்டியிருந்தால் படம் ஓடாதாக்கும்." 2022இல் போனவர்களும் மண்டபம் முகாமில்தான் வைக்கப்பட்டார்கள். படத்தில் வரும் அயலவர்கள் போல எல்லாரும் இருந்தால் நல்லதுதான், ஆனால் இதைப் பார்த்துவிட்டு எவரும் பிள்ளைகளுடன் கடலில் இறங்கிவிடக் கூடாது என்று அவர் சொன்னபோது எல்லாரும் ஓமென்றார்கள்.

ஒரு செத்தவீடு

அதுவரை ஓரமாக இருந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்த ஒரு சகோதரி, தனக்கு அந்தச் செத்தவீட்டுக் காட்சிதான் மனதில் நிற்கிறது என்றார். படத்தில் அயல்வீட்டு வயதான அம்மா ஒருவர் இறந்துபோகிறார். ஒருவரையொருவர் அறியாமல் கதவைப் பூட்டிக்கொண்டிருந்த அந்தத் தெருச் சனத்தைப் புதிதாக வந்த இந்த அகதிக் குடும்பம்தான் ஒன்றுகூட்டுகிறது.

"அந்த மனுசிக்கு ஒரு தெருவே வந்து நிக்குது. என்ர அவருக்கு நானும் மூத்தவளும்தான். மண்ணைக்கூடச் சரியாய்ப் போடேல்லை. செல் விழுந்துகொண்டிருந்துது, விட்டிட்டு ஓடிவந்திட்டம்."

2009இல் நடந்ததை அவர் குழுவில் சொன்னது அதுதான் முதற் தடவை என்று பிறகு அறிந்தோம். ஐந்து வருடமாக ஒரே அறையில் இருந்து தைப்பவர்கள் அவர்கள். எவரும் ஆறுதல் வார்த்தை தேடி அவசரப்படவில்லை. பக்கத்தில் இருந்தவர் அவருடைய கையிலிருந்த துணியை வாங்கி மடித்து வைத்தார். இன்னொருவர் போய்த் திரும்பவும் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தார். தன் கதையை நேரே சொல்ல வாய் வராதவர்களுக்குப் படத்தில் வரும் ஒருவருடைய கதை சில வேளை வழிவிடுகிறது.

அது எங்கட மாங்குளம் இல்லை

சிம்ரனின் பெயர் வந்ததும் கதை இன்னொரு படத்துக்குத் தாவியது. 2002இல் மணிரத்னம் இயக்கிய 'கன்னத்தில் முத்தமிட்டால்'. அதில் சிம்ரன், இராமேஸ்வரம் அகதி முகாமில் பிறந்த குழந்தையைத் தத்தெடுத்து வளர்க்கும் தமிழகத் தாய். 23 வருடத்தின் பின் அவரே ஈழத்துத் தாயாக வள்ளத்தில் வந்திறங்குகிறார்.

அந்தப் படத்தில் பிள்ளை அமுதா தன்னைப் பெற்றவளைத் தேடி மாங்குளத்துக்கு வருவாள். மாங்குளத்து ஆட்கள் இதை விடுவார்களா? "அது எங்கட மாங்குளம் இல்லைத் தங்கச்சி. இஞ்சை எங்கை அப்பிடிப் பச்சை?" என்று ஒருவர் சொல்ல, அறை முழுவதும் சிரிப்பு. படம் எடுத்த காலம் போர்க்காலம். படப்பிடிப்பு இங்கே நடக்க வழியே இருக்கவில்லை.

அமுதாவைப் பெற்ற சியாமா மகளுடன் போகாமல் நின்றுவிடுவது சரியா என்பதில் குழு இரண்டாகப் பிரிந்தது. "பிள்ளை கடல் கடந்து தேடி வந்திருக்கு. கட்டிப்பிடிச்சுப்போட்டு விட்டிட்டுப் போறதே? என்ன தாய்!" என்றார் இளவயதுத் தாய் ஒருவர். "அவளுக்குப் பொறுப்பு இருந்தது" என்றார் மற்றவர். "பொறுப்பு எண்டு சொல்லித்தானே எல்லாம் போச்சுது" என்று மூன்றாவது குரல். மூன்று பேர் சொன்னதையும் நாம் அப்படியே தருகிறோம். எது சரி என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை எமக்கு இல்லை.

காணாமற்போன மகனைத் தேடும் ஓர் அம்மாவும் அங்கே இருந்தார். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில் பல நாள் இருந்தவர். அவர் சொன்னது ஒரே வசனம்: "படத்திலை பிள்ளை தாயைத் தேடுது. இஞ்சை தாய்மார் தேடுறம். இதை ஆர் படமெடுப்பினம்?"

எங்களை எங்கே காணோம்?

அந்தக் கேள்வியோடு வேறு இரண்டு படங்களும் பேசப்பட்டன. ஒன்று, சிங்கள இயக்குநர் அசோக ஹந்தகம யாழ்ப்பாணத்தில் தமிழில் எடுத்த 'இனி அவன்' (2012). போராளியாக இருந்த ஆண் ஒருவர் ஊருக்குத் திரும்பி வேலை தேடுவதும் ஊர் அவரை ஒதுக்குவதும் அதன் கதை. "அவன் திரும்பி வந்ததைக் காட்டினவை. அவள் திரும்பி வந்ததை ஆர் காட்டினது?" என்று கேட்டவர், தானும் புனர்வாழ்வு முடித்து வந்தவர். வேலை கேட்டுப் போன இடமெல்லாம் தான் கேட்ட கேள்விகளை வைத்து நாலு படம் எடுக்கலாம் என்றார்.

மற்றது, பிரான்சில் எடுக்கப்பட்ட 'தீபன்'. 2015இல் கான் திரைப்பட விழாவின் அதியுயர் விருதான தங்கப்பனையைப் பெற்றது. எழுத்தாளர் ஷோபாசக்தி அதில் முக்கிய பாத்திரம். ஒருவரையொருவர் அறியாத ஓர் ஆணும் பெண்ணும் தாய் இல்லாத ஒரு சிறுமியும் இறந்துபோனவர்களின் கடவுச்சீட்டில் ஒரு குடும்பமாக நடித்து வெளிநாடு போகிறார்கள். "பேப்பரிலை குடும்பம், மனசிலை இல்லை. பிறகு மெல்ல மெல்லக் குடும்பமாகுது. அது உண்மை. ஆனால் கடைசிச் சண்டைதான் எனக்குப் பார்க்கேலாமல் போச்சுது" என்றார் தங்கையைப் பிரான்சில் வைத்திருக்கும் ஒருவர்.

படம் பார்க்கப் போகலாமா?

பொத்தான் தைத்த சகோதரிக்கு வயது 41. அவர் போனில்தான் படம் பார்த்தார். கணவர் இறந்த பிறகு திரையரங்குப் படியே ஏறியதில்லை. "பொட்டில்லாதவள் படத்துக்குப் போறாளாம், ஆரோடை போறாளாம் எண்டு கதைப்பினம். எனக்கு இரண்டு குமர் இருக்கு."

இதைக் கேட்டதும் 'கருத்துச் சொல்லப் படிக்கவில்லை' என்ற அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவரும் கணவரை இழந்தவர்தான். "பிள்ளை, கதைக்கிறவை உனக்கு ஒரு கிலோ அரிசி வாங்கித் தந்தவையே? அவர் இருந்தால் உன்னைக் கூட்டிக்கொண்டு போயிருப்பாரோ இல்லையோ?"

"போயிருப்பார். படமெண்டால் அவருக்கு உயிர்" என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

முன்னைய தலைமுறைக்கு இந்த விருப்பம் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் ராஜா, மனோகரா, வின்சர், வெலிங்டன், றீகல் என்று திரையரங்குகள் நிறைந்திருந்த காலம் ஒன்று இருந்தது. போரில் மின்சாரம் நின்று எரிபொருளும் தடைப்பட்ட பிறகும், ஜெனறேற்றர் பிடித்து, டெக் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து விடியவிடியப் படம் பார்த்தவர்கள் நாங்கள். அப்போது விதவை என்று எவரையும் பாயிலிருந்து எழுப்பிவிட்டதில்லை.

அதேநேரம், எல்லாராலும் எல்லாப் படத்தையும் பார்க்க முடியாது. வெடிச் சத்தமும் ஹெலிச் சத்தமும் வந்தால் நெஞ்சு பதைப்பவர்கள், கை கால் விறைப்பவர்கள் எம்மில் பலர். இது கோழைத்தனமில்லை. உடம்பு பட்டதை மறக்கவில்லை, அவ்வளவுதான். போகுமுன் படத்தைப் பார்த்த ஒருவரிடம் சண்டைக் காட்சி இருக்கிறதா என்று கேளுங்கள். வாசலுக்குப் பக்கத்து இருக்கையில், நம்பிக்கையான ஒருவருக்கு அருகில் இருங்கள். ஏலாதென்றால் எழும்பி வெளியே வாருங்கள். காசு போனால் போகட்டும். வீட்டில் பார்த்தால் சத்தத்தைக் குறையுங்கள். பல நாள் நித்திரை கெட்டால் வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் ஒருவருடன் கதைப்பது நல்லது.

பொழுதுபட்டது. புறப்படுமுன் ஒருவர் வெறும் பிஸ்கற் ரின் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். சேமிப்புக் கணக்கோடு கலக்காமல், மாதம் இயன்றதை ஆளுக்காள் இதற்குள் போடுவது, வான் பிடிக்கக் காசு சேர்ந்ததும் எல்லாரும் ஒன்றாகப் போய் நல்ல சிரிப்புப் படம் ஒன்று பார்ப்பது என்று தீர்மானமானது. ரின்னுக்குள் முதலில் விழுந்த இருபது ரூபாய் பொத்தான் தைத்த சகோதரியுடையது.

வாசகிகளே, நீங்களும் அண்மையில் பார்த்த படம் ஒன்றைப் பற்றி எமக்கு எழுதுங்கள். பிடித்ததையும் எழுதுங்கள், பிடிக்காததையும் எழுதுங்கள். கையெழுத்தையும் எழுத்துப் பிழையையும் பற்றி யோசிக்க வேண்டாம். அவற்றை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.