பெயர் சொல்லி விசாரிக்க ஒருவர்

1952 குளிர்காலம். கொரியப் போர் ஓயாத சியோல் நகரம். அமெரிக்கப் படைவீரர்களுக்குப் பிரசங்கம் செய்யப் போயிருந்த எவரெட் ஸ்வான்சன் என்ற நற்செய்தியாளர், ஒரு விடியற்காலையில் நகராட்சி ஆட்கள் தெருவோரக் கந்தல் மூட்டைகளை லாரியில் தூக்கிப் போடுவதைக் கண்டார். கிட்டே போய்ப் பார்த்தபோது அவை மூட்டைகள் அல்ல. இரவுக் குளிரில் விறைத்துச் செத்துப்போன அநாதைக் குழந்தைகள். அவர் தொடங்கிய அமைப்பின் வரலாறு இந்தக் காட்சியில்தான் ஆரம்பிக்கிறது. ஊர் திரும்பியவர் சபை சபையாகப் போய்ப் பணம் கேட்டார். 1954இல், ஒரு குழந்தைக்கு ஒரு குடும்பம் மாதாமாதம் பணம் அனுப்பும் ‘ஸ்பான்சர்’ முறை உருவானது. 1963இல் அந்த அமைப்புக்கு ‘கம்பாஷன்’ என்று பெயர் வைத்தார்கள். பசித்திருந்த கூட்டத்தைப் பார்த்து இயேசு மனம் இரங்கினார் என்று மத்தேயு நற்செய்தி சொல்லும் இடத்திலிருந்து எடுத்த பெயர் அது.

தொடக்கத்தில் அந்தப் பணம் அநாதை இல்லங்களுக்குப் போனது. போர் முடிந்த கொரியாவில் வேறு வழியும் இருக்கவில்லை. பின்னாளில் இந்த முறை மாறியதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். எய்ட்ஸ் பெற்றோரை வாரிக்கொண்டு போன உகாண்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளைக்கும் பெரும்பாலும் ஒரு ‘ஜஜ்ஜா’ இருப்பார். லுகாண்டா மொழியில் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பிள்ளை மேல் பாசத்துக்குக் குறைவில்லை. பள்ளிக் கட்டணத்துக்குத்தான் வழியில்லை. அந்தப் பிள்ளையைப் பாட்டியிடமிருந்து பிரித்து விடுதியில் சேர்ப்பது உதவியாகாது. பாட்டி வீட்டிலேயே இருக்கட்டும், கட்டணமும் சீருடையும் மருத்துவப் பரிசோதனையும் உள்ளூர்ச் சபை மூலமாக வரட்டும் என்பதுதான் இன்றைய ஏற்பாடு. பள்ளி விட்ட பிறகும் விடுமுறை நாளிலுமாக வாரத்தில் சில மணி நேரம் பிள்ளைகள் சபையின் மையத்துக்கு வருகிறார்கள். பாடம், விளையாட்டு, வேதக் கதை, சாப்பாடு எல்லாம் அங்கே. அவ்வப்போது கடல் கடந்து ஒரு கடிதமும் வருகிறது.

இதனால் பலன் உண்டா? பொருளாதார அறிஞர் புரூஸ் வைடிக்கும் அவருடைய இரண்டு சக ஆய்வாளர்களும் இந்தக் கேள்வியோடு இந்தியா, உகாண்டா, கென்யா, பிலிப்பைன்ஸ், குவாத்தமாலா, பொலிவியா ஆகிய ஆறு நாடுகளில் 10,144 பேரின் விவரங்களைத் திரட்டினார்கள். திட்டம் ஓர் ஊருக்கு வரும்போது 12 வயதைத் தாண்டியிருந்த பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை. ஆகவே ஒரே வீட்டில் தம்பிக்கு ஸ்பான்சர் கிடைத்தது, அண்ணனுக்குக் கிடைக்கவில்லை. இருவரும் வளர்ந்து ஆளான பிறகு அவர்கள் வாழ்க்கையை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உதவி பெற்றவர்கள் சராசரியாக 1.03 முதல் 1.46 ஆண்டு வரை கூடுதலாகப் படித்திருந்தார்கள். அலுவலக வேலை, ஆசிரியர் வேலை போன்றவற்றில் அவர்களே அதிகம் இருந்தார்கள். 2013இல் இந்த ஆய்வு வெளிவந்தது.

காரணம் தேடி வைடிக்கும் சக ஆய்வாளர்களும் இந்தோனேசியாவுக்குப் போனார்கள். ஜகார்த்தாவின் குடிசைப் பகுதிக் குழந்தைகள் கையில் வண்ணப் பென்சில்களைக் கொடுத்து, உங்களையே வரையுங்கள் என்றார்கள். முகத்தில் கண்ணோ வாயோ இல்லாத உருவம், தாளின் மூலையில் சுருங்கிய உருவம், அழுகிற உருவம், இருண்ட நிறங்கள் என்று ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார்கள். ஸ்பான்சர் உள்ள பிள்ளைகளின் படங்களில் நம்பிக்கை கூடுதலாகத் தெரிந்தது. பணம் புத்தகம் வாங்கிக் கொடுத்துவிடும். ‘நான் டீச்சராவேன்’ என்று ஒரு பிள்ளை சொல்வதற்கு, அவளுடைய பெயரைச் சொல்லி விசாரிக்கிற பெரியவர் ஒருவர் வேண்டியிருக்கிறது. அவர் மையத்து அக்காவாக இருக்கலாம், கடிதம் எழுதுகிற முகம் தெரியாத மனிதராகவும் இருக்கலாம்.

குறை சொல்பவர்களையும் ஒதுக்கிவிட முடியாது. குழந்தையின் படத்தைக் காட்டி இரக்கம் தேடுவது அந்தக் குழந்தையைச் சிறுமைப்படுத்தும் என்பது நியாயமான பேச்சு. அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கடிதம் வந்து தனக்கு வராதபோது ஒரு சிறுவன் படும் வேதனையும் உண்மை. இன்னொன்றையும் அழுத்திச் சொல்வேன்: சோற்றுக்கும் படிப்புக்கும் ஜெபத்தை விலையாகக் கேட்கவே கூடாது. விசுவாசத்தால் கொடுப்பது வேறு, விசுவாசத்தைக் கேட்டு வாங்குவது வேறு.

இந்தியாவில் இந்தச் சந்தேகம்தான் பெரிதானது. வெளிநாட்டுப் பணத்தை மதமாற்றத்துக்குப் பயன்படுத்துவதாக எழுந்த குற்றச்சாட்டை கம்பாஷன் மறுத்தது. 2016இல், அது அனுப்பும் பணத்துக்கு முன்அனுமதி வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவிட்டது. 2017 மார்ச்சில் அமைப்பு நாட்டை விட்டு வெளியேறியது. 1968இல் தொடங்கிய பணி அது. வெளியேறும்போது ஏறத்தாழ 1,45,000 குழந்தைகள் அதில் இருந்தார்கள்.

கொரியாவிலும் உதவி நின்றதுண்டு. 1993இல், இனி எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லும் நிலைக்கு அந்த நாடு வந்திருந்தது. பத்தாண்டு கழித்து, 2003இல், கொரியக் குடும்பங்களே பிற நாட்டுப் பிள்ளைகளுக்கு ஸ்பான்சர் ஆகத் தொடங்கின. இங்கே இந்தியாவில் தேவை தீராமலே நின்றுபோனது. அரசுக்கும் அமைப்புக்கும் நடந்த தகராறில் யார் பக்கம் நியாயம் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டோம். தபாலை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த பிள்ளையிடம், இனி கடிதம் வராது, அது உன் தப்பல்ல என்று யாராவது உட்கார்ந்து சொல்லியிருப்பார்களா?