பாதுகாப்புச் செலவும் கே. சுப்பிரமணியமும்

பழவேற்காட்டுக்குத் தெற்கே, காட்டுப்பள்ளிக் கப்பல் கட்டும் தளத்தில் உருவான ‘விக்ரம்’ என்ற ரோந்துக் கப்பல் 2018 ஏப்ரலில் இந்தியக் கடலோரக் காவல்படையில் சேர்ந்தது. இது உள்ளிட்ட ஏழு கப்பல்களுக்காக லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனத்துடன் பாதுகாப்பு அமைச்சகம் ஏறத்தாழ 1,432 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்தது 2015 மார்ச்சில். அதாவது, முதல் கப்பல் கைக்கு வரவே மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஆனால் நாடாளுமன்றம் பணம் ஒதுக்குவது ஓர் ஆண்டுக்கு மட்டுமே என்பதாலும், மார்ச் 31க்குள் செலவாகாத தொகை அரசின் பொது நிதிக்கே திரும்பிவிடும் என்பதாலும், பல ஆண்டுகள் நீளும் படைத் தேவைகளை ஓராண்டுக் கணக்குக்குள் பொருத்துவது பாதுகாப்பு நிதி அதிகாரிகளின் தீராத தலைவலியாக இருந்துவருகிறது.

அந்த அதிகாரிகளின் பணி, வந்த பட்டியலுக்குப் பணம் கொடுப்பதோடு முடிவதில்லை. சம்பளம், ஓய்வூதியம், ஒப்பந்தக்காரர் பட்டியல் ஆகியவற்றைச் சரிபார்த்து வழங்குவது பாதுகாப்புக் கணக்குத் துறை. அதற்கு மேலாக, ஒரு கொள்முதல் தேவைதானா, விலை நியாயமானதா, பின்வரும் ஆண்டுகளில் அதற்குப் பணம் இருக்குமா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்பவர் நிதி ஆலோசகர். பாதுகாப்புச் செலவைப் பற்றிய இத்தகைய கேள்விகளை ஒரு வரவுசெலவுப் பிரிவிலிருந்து நாட்டின் போர்த்திறச் சிந்தனை வரை எடுத்துச் சென்ற தமிழர், திருச்சிராப்பள்ளியில் 1929இல் பிறந்த கே. சுப்பிரமணியம்.

சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் பயின்று, 1951இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்த அவர், கணக்குப் பணியிலிருந்து வந்தவர் அல்லர். சீனப் போர் நிகழ்ந்த 1962இல் பாதுகாப்பு அமைச்சகத்தின் வரவுசெலவு மற்றும் திட்டப் பிரிவுக்குத் துணைச் செயலராகச் சென்று, 1965 வரை அங்கே பணியாற்றினார். அந்த ஆண்டுகளின் நெருக்கடியை நினைவில் கொள்ளாமல் அப்பணியின் கனத்தை உணர முடியாது. 1963–64 வரவுசெலவுத் திட்டத்தில் பாதுகாப்புக்கு மட்டும் 867 கோடி ரூபாய் ஒதுக்கிய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய், அதற்கான பணத்தைத் திரட்டக் கட்டாய வைப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தார். 1963 ஜனவரியில் அமலான தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேற்பட்ட தூய்மையில் புதிய நகை செய்வதைத் தடுத்ததால், நகைப் பட்டறையை நம்பியிருந்த பொற்கொல்லர் குடும்பங்கள் நாடெங்கும் பிழைப்பிழந்து தவித்தன. எல்லையில் நேர்ந்த தோல்விக்கான செலவு இவ்வாறு சாதாரண மக்களின் அடுப்படி வரை வந்து சேர்ந்தது.

அச்சூழலில்தான் ஆண்டுதோறும் கேட்டுப் பெறும் முறையை விட்டு, 1964 முதல் 1969 வரைக்கான ஐந்தாண்டுப் பாதுகாப்புத் திட்டம் வகுக்கப்பட்டது. ஏறத்தாழ 5,000 கோடி ரூபாய்ச் செலவில் 8.25 லட்சம் பேர் கொண்ட தரைப்படையையும் 45 படைப்பிரிவுகள் கொண்ட விமானப்படையையும் நிலைநிறுத்துவது அதன் இலக்கு. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில், பொருளியலறிஞர் சார்ல்ஸ் ஹிட்ச் தலைமை நிதி அதிகாரியாக இருந்து, எந்தப் படைக்கு எவ்வளவு என்பதைவிட எந்த நோக்கத்துக்கு எவ்வளவு என்று கணக்கிடும் முறையை நடைமுறைப்படுத்தினார். இலக்கு, ஆயுதம், ஆள், பணம் ஆகிய நான்கையும் ஒரே ஏட்டில் பல ஆண்டுகளுக்குச் சேர்த்துப் பார்க்கும் இந்த அணுகுமுறையே சரியானது; ஆயினும் இந்தியாவில் திட்டங்கள் பல வகுக்கப்பட்டும் பணம் ஓராண்டுக் கட்டுக்குள்ளேயே நின்றது. செலவாகாவிட்டாலும் காலாவதியாகாத தனி நிதியம் ஒன்றைப் பாதுகாப்பு மற்றும் உள்நாட்டுப் பாதுகாப்பு நவீனமயமாக்கலுக்கென உருவாக்குமாறு, 2021–26 காலத்துக்கான பதினைந்தாவது நிதிக்குழு பரிந்துரைத்ததும் அரசு அதைக் கொள்கையளவில் ஏற்றதும் பல பத்தாண்டுகள் கழித்தே நடந்தன.

சுப்பிரமணியம் 1966–67இல் லண்டன் பொருளியல் பள்ளியில் ராக்ஃபெல்லர் ஆய்வாளராக இருந்துவிட்டு, 1968இல் புதுதில்லியிலுள்ள பாதுகாப்புக் கல்வி மற்றும் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநரானார். தமிழ்நாட்டின் உள்துறைச் செயலர், கூட்டு உளவுக் குழுத் தலைவர், பாதுகாப்பு உற்பத்திச் செயலர் எனப் பொறுப்புகள் தொடர்ந்தன. கடைசியாகச் சொன்ன பதவியிலிருந்து 1980இல் மாற்றப்பட்டு மீண்டும் ஆய்வு நிறுவனத்துக்கே வந்தார். அதிகாரம் குறைந்த அந்த நாற்காலியிலிருந்து அவர் எழுதியவையே ஒரு தலைமுறை அதிகாரிகளுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் பாதுகாப்பைப் பற்றிப் பேசும் மொழியைக் கற்பித்தன.

கார்கில் போருக்குப் பின், 1999 ஜூலையில் அரசு அமைத்த ஆய்வுக் குழுவுக்கு அவர் தலைமை ஏற்றார். அதே ஆண்டில் அறிவிக்கப்பட்ட பத்மபூஷண் விருதை, அதிகாரிகளும் பத்திரிகையாளர்களும் அரசு விருது பெறுதல் தகாது என்று கூறி ஏற்க மறுத்தார். உளவுத்துறைக் குறைகளுக்காகவே பெரிதும் பேசப்படும் கார்கில் அறிக்கையில் நிதியைப் பற்றிய முக்கியமான பகுதி ஒன்றும் உண்டு. தரைப்படையின் ஓய்வூதியச் செலவு 1990–91இல் 1,568 கோடியாக இருந்தது 1999–2000 மதிப்பீட்டில் 6,932 கோடியாக ஏறியதை எடுத்துக்காட்டிய குழு, படை இளமையாக இருக்கவும் ஓய்வூதியச் சுமை தணியவும், 17 ஆண்டுகளாக இருந்த படைவீரரின் நேரடிப் பணிக்காலத்தை 7 முதல் 10 ஆண்டுகளாகக் குறைக்கலாம் என்றது. ஆனால் சீருடையைக் கழற்றி வரும் இளைஞர்களை நடுவழியில் விட்டுவிடாமல், துணைப்படைகளுக்கு மாற்றிப் பணியைத் தொடரச் செய்ய வேண்டும் என்பதும் அந்த யோசனையின் பிரிக்க முடியாத பகுதி.

சுப்பிரமணியம் 2011 பிப்ரவரியில் மறைந்தார். 2025–26 வரவுசெலவுத் திட்டத்தில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கான 6.81 லட்சம் கோடி ரூபாயில் ஏறத்தாழ 1.61 லட்சம் கோடி ஓய்வூதியத்துக்கே ஒதுக்கப்பட்டது. இதற்கிடையில் 2022இல் வந்த அக்னிபத் திட்டம் புதிய படைவீரரின் பணிக்காலத்தை நான்கு ஆண்டுகளாகச் சுருக்கி, அதன் முடிவில் நான்கில் ஒரு பங்கினர் வரை மட்டுமே நிரந்தரப் பணியில் தொடர வகைசெய்தது.