கோழி சொன்ன சேதி



முட்டை என்றதும் நாமக்கல் நம் நினைவுக்கு வரும். அந்தக் கோழியினம் மருத்துவ உலகுக்கே ஒரு பாடம் கற்பித்தது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1909ஆம் ஆண்டு அமெரிக்கப் பண்ணைக்காரர் ஒருவர், கட்டி வந்த தம் கோழியை நியூயார்க்கிலிருந்த ராக்பெல்லர் ஆய்வு நிலையத்துக்குக் கொண்டு சென்றார். அங்கே பெய்டன் ரவுஸ் என்னும் மருத்துவர் அதை ஆராய்ந்தார். அது 'சார்கோமா', அதாவது சதை, கொழுப்பு போன்ற மென்திசுக்களில் தோன்றும் புற்றுநோய். ரவுஸ் அக்கட்டியை அரைத்து, உயிரணுக்கள் நுழைய முடியாத வடிகட்டியில் வடித்து, அந்தச் சாற்றை நலமுள்ள கோழிகளுக்குச் செலுத்தினார். அவற்றுக்கும் கட்டி வந்தது! 1911இல் இதை வெளியிட்டபோது பலர் நம்பவில்லை. 1966இல், தம் 87ஆம் வயதில், அவர் நோபல் பரிசு பெற்றார்.

அச்சாற்றிலிருந்தது ஒரு வைரஸ். அதன் மரபணு ஒன்று 'சார்க்' என்ற புரதத்தை உண்டாக்குகிறது. அந்த மரபணு நலமான கோழியின் உயிரணுக்களிலும் உண்டு என்று 1976இல் பிஷப், வார்மஸ் குழுவினர் கண்டனர். நம் உடலிலும் அது இருக்கிறது. அளவோடு இயங்கினால் நன்மை. அளவு மீறினால் உயிரணு தன் பிடியைத் தளர்த்தி நகரத் தொடங்கும்.

பண்ணைக் கம்பிவலையை எண்ணிப் பாருங்கள். நம் திசுக்களைச் சுற்றியும் 'கொல்லாஜன்' என்னும் வலை உண்டு. சில புரதங்கள் அதை அரித்து வழி திறக்கின்றன. வேறு சில புதிய இரத்தக் குழாய்களை வளர்க்கின்றன. அவ்வழியே நோய் பெரும்பாலும் நுரையீரலை அடைகிறது. கட்டியில் சிறு துண்டெடுத்துச் சாயமேற்றி, 'கே.ஐ.67' போன்ற அடையாளப் புரதங்களைப் பார்த்தால் உயிரணுக்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று தெரியும். ஆனால் ஒரே புரதம் முழு விடையும் தந்துவிடாது; கட்டியின் அளவு, ஆழம், வகை எல்லாவற்றையும் சேர்த்தே மருத்துவர் முடிவு செய்வார்.

கோழியும் முட்டையும் உண்பதால் இந்நோய் வராது, அஞ்ச வேண்டாம்!

எங்கள் தெருவில் ஓர் அக்கா, தொடையிலிருந்த கட்டியை ஓராண்டு மறைத்து வைத்தார். வலி இல்லை, சொல்ல வெட்கம். மருத்துவரிடம் சென்றபோது நோய் நுரையீரலை எட்டியிருந்தது. அவர் இன்று நம்மிடையே இல்லை.

உடலில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை தீங்கற்ற கொழுப்புக் கட்டிகளே. ஆயினும் கோழிமுட்டை அளவை எட்டிய கட்டி, வளர்ந்துகொண்டே போகும் கட்டி, சதைக்குள் ஆழத்தில் உள்ள கட்டி ஆகியவற்றை, வலியில்லாவிட்டாலும், மருத்துவரிடம் காட்ட வேண்டும். எண்ணெய் தேய்த்து நீவுவதும், பச்சிலை வைத்துக் கட்டிக் காத்திருப்பதும் கூடாது.

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அழுதுகொண்டே இருந்துவிடவில்லை. அவர் முயற்சியால் 1954இல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை பிறந்தது. தோழியரே, நாம் அத்தனை பெரிய செயல் செய்ய வேண்டியதில்லை. வெட்கத்தை விட்டு அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஓர் உயிர் பிழைக்கும்!

— மேல்நிலை இரண்டாம் ஆண்டு மாணவி