அடையாள அட்டை எண்ணும் அதன் பொருளும்

பினாங்கில் பிறந்தவரின் அடையாள அட்டை எண்ணில் பெரும்பாலும் 07 காணப்படும். அதையே பிரஜாவுரிமைக்கு அத்தாட்சியாகக் கருதுவோர் பலர். அவ்விடத்தில் 71 இருந்தால் அவர் அன்னியரே என்று முடிவு கட்டுவோரும் உளர். இரண்டும் பிழை.

மலாயாவில் அடையாள அட்டை 1948இல், அவசரகாலத்தில் வந்தது. காட்டிலிருந்து போராடிய கம்யூனிஸ்டுகளையும் ஊர் மக்களையும் பிரித்தறியும் பொருட்டு, 12 வயது நிரம்பியோர் பதிவு செய்யப்பட்டனர். இன்று வழங்கும் பன்னிரண்டு இலக்க எண் 1990இல் ஏற்பட்டது. 2001இல் மைகாட் வந்தபோதும் அம்முறை மாறவில்லை.

ஓர் எண் 520814 என்று தொடங்குவதாகக் கொள்வோம். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், 1952 ஆகஸ்ட் 14 பிறந்த தேதியாகும். அடுத்த ஈரிலக்கம் பிறந்த மாநிலம்: 01 ஜொகூர், 02 கெடா, 08 பேராக். தீபகற்ப மாநிலங்கள் பதினொன்றும் அகரவரிசையில் நிற்கின்றன. 'பூலாவ் பினாங்' என்ற மலாய்ப் பெயர்ப்படி பெர்லிசுக்குப் பின் வரவேண்டிய பினாங்கு, ஆங்கிலப் பெயரின்படியே ஏழாமிடம் பெற்றிருப்பது வேடிக்கை! குடியிருக்கும் ஊருக்கும் இவ்விலக்கத்திற்கும் தொடர்பில்லை. கெடாவிலுள்ள கூலிம் தோட்டத்துத் தாய் புக்கிட் மெர்தாஜாம் மருத்துவமனையில் பிள்ளை பெற்றால், அப்பிள்ளை எங்கு வாழ்ந்தாலும் பினாங்கில் பிறந்தவரே. இறுதி நான்கில் கடைசி இலக்கம் ஒற்றையாயின் ஆண், இரட்டையாயின் பெண்.

இவ்வளவு சொல்லும் எண் பிரஜாவுரிமையைச் சொல்வதில்லை. அதைக் காட்டுவது அட்டையின் நிறம். நீலம் பிரஜைக்கு, சிவப்பு நிரந்தரவாசிக்கு, பச்சை தற்காலிகவாசிக்கு.

இங்கே பிறந்தவருக்குச் சிவப்பு அட்டை எப்படி வந்தது? 1957 ஆகஸ்ட் 31 முதல் 1962 செப்டம்பர் முடிய இந்நாட்டில் பிறந்தோர், சில விலக்குகள் நீங்கலாக, பிறப்பாலேயே பிரஜைகள். அதன் பின் பிறந்தோருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் பிரஜையாகவோ நிரந்தரவாசியாகவோ இருத்தல் வேண்டியிருந்தது. சுதந்திரத்துக்கு முன் பிறந்தோரில், அதுவரை பிரஜாவுரிமை பெறாதவர்கள் விண்ணப்பித்துப் பதிய வேண்டியிருந்தது. தோட்டங்களில் எழுத்தறியாதோரும், பிறப்புப் பத்திரம் இல்லாதோரும், மலாய்மொழிச் சோதனைக்கு அஞ்சியோரும் அவ்வாய்ப்பைத் தவறவிட்டனர்.

ஆகவே 1952இல் பினாங்கில் பிறந்த மூதாட்டி 07 பொறித்த சிவப்பு அட்டையோடு இருத்தல் கூடும். தமிழ்நாட்டில் பிறந்து சிறு வயதில் கப்பலேறி வந்து, உரிய காலத்தில் விண்ணப்பம் செய்த அவள் அண்டைவீட்டாரிடம் 71 பொறித்த நீல அட்டை இருக்கும். பொதுத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை பின்னவருக்கே உண்டு.