பறக்குமுன் ரசமட்டம்

2021 செப்டம்பரில் நம் ஹைதராபாத்துக்கு அருகிலுள்ள விகாராபாத்தில், டிரோன் எனப்படும் ஆளில்லாச் சிறு விமானங்கள் மூலம் மருந்தும் தடுப்பூசியும் அனுப்பும் சோதனை தொடங்கியது. ஓட்டுநர் இல்லாமல் அது எப்படிச் சாயாமல் போகிறது என்று நண்பர்கள் பலர் கேட்கிறார்கள். இருப்புப்பாதையில் வேலை பார்த்தவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்த வகையில் சொல்கிறேன்.

செயற்கைக்கோள் இடத்தைச் சொல்லும், சாய்வைச் சொல்லாது. சாய்வை அறிய உள்ளே முடுக்கமானி, சுழற்சியை அறிய ஜைராஸ்கோப், திசையை அறிய காந்தமானி ஆகியவை உள்ளன. இவற்றின் பிழையை முன்கூட்டியே கண்டு கழிப்பதே அளவுத்திருத்தம்.

ரசமட்டம் சரியா என்று கொத்தனார் எப்படிப் பார்க்கிறார்? ஒருமுறை வைத்து, பிறகு முனை மாற்றி வைப்பார். குமிழ் வேறிடத்தில் நின்றால் பிழை மட்டத்தில்தான். முடுக்கமானிக்கும் இதே முறைதான். ஓர் அச்சை மேல்நோக்கி வைத்தால் 9.8 காட்ட வேண்டும். கீழ்நோக்கி வைத்தால் கழித்தல் 9.8. ஒரு கருவி 9.9, கழித்தல் 9.7 என்று காட்டினால், இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள்: 0.1. அதுவே பிழை. மூன்று அச்சுகளுக்கும் சேர்த்து ஆறு நிலைகளில் இப்படிச் சோதிப்பார்கள். 0.1 அற்பம் என்று எண்ண வேண்டாம். திருத்தாமல் அதை மட்டும் நம்பிக் கணக்கிட்டால், ஒரே நிமிடத்தில் 180 மீட்டர் தவறிவிடும்!

ஜைராஸ்கோப்பை அசையாமல் வைத்து, அது காட்டும் அளவின் சராசரியைக் கழிக்க வேண்டும். மிக நுட்பமான கருவியோ பூமி சுழல்வதையும் உணரும். நம் ஊரில் அதைச் செங்குத்தாக வைத்தால் மணிக்குச் சுமார் 4.5 டிகிரி காட்ட வேண்டும்.

இக்கலை நம் ஊருக்குப் புதிதல்ல. ராமேசுவரத்தில் பிறந்த டாக்டர் அப்துல் கலாமின் முயற்சியால் 1988-இல் இங்கு உருவான இமாரத் ஆய்வு மையம், ஏவுகணைகளுக்கான வழிநடத்து கருவிகளை உருவாக்கி வருகிறது.

நம் வீட்டுப் பிள்ளைகளும் இன்று டிரோன் வைத்திருக்கிறார்கள். பறக்கவிடுமுன் சமதளத்தில் அசையாமல் வைத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். இரும்புக் கதவு, கார் அருகிலோ, கம்பி கட்டிய மொட்டை மாடியிலோ காந்தமானியைத் திருத்த வேண்டாம். இரும்பு திசையை மாற்றிக் காட்டும். கீழே நடமாடுவோர் நம் அண்டை வீட்டார்தான். ஐந்து நிமிடப் பொறுமை அவர்கள் தலையைக் காக்கும்.