மூக்கில் கத்தி பட்ட பின்

மூக்கின் இடைச்சுவர்க் கோணலைச் சீர்செய்துகொண்டவர், மறுநாளே மூச்சுத் தாராளமாக ஓடும் என எதிர்பார்ப்பது இயற்கை. ஆனால் முதல் வாரத்தில் அடைப்பு முன்னிலும் மிகுந்தே இருக்கும். உட்சவ்வு வீங்கியுள்ளது, குருதியும் நீரும் காய்ந்து பொருக்காகின்றன. அவற்றைத் தள்ளும் நுண்மயிர்களோ சிறிது காலம் ஓய்ந்துவிடுகின்றன. அவற்றின் வேலையை நாமே செய்தாக வேண்டும்.

நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். ஒட்டிய மூக்கினுள் ஆமணக்குத் தண்டுக் குழாய்களை வைத்து மூச்சுக்கு வழிவிடுமாறு சுசுருதர் விதித்தார். மைசூர்ப் போரில் மூக்கிழந்த கவாஸ்ஜி என்னும் வண்டியோட்டிக்குப் புனாவின் அருகே புதுமூக்கு அமைத்த செய்தி, 1794ஆம் ஆண்டில் இலண்டன் இதழொன்றில் வெளிவந்தது. நான்கு நாள் கழித்து நெய்யில் தோய்த்த துணி, ஐந்தாறு நாள் மல்லாந்த படுக்கை, பத்தாம் நாள் நாசித் துளைகளில் மென்துணி என்று பின்சிகிச்சையையும் அது விவரித்தது.

இன்று நெய்யின் இடத்தில் உப்புநீர். வைத்தியர் அனுமதித்த நாள் முதல், கொதித்து ஆறிய நீர் ஒரு தம்ளரில் அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக உப்பும் ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் கலந்து, குனிந்து வாயால் மூச்சுவிட்டபடி மெல்லக் கழுவுக. குழாய்நீரை அப்படியே ஏற்றலாகாது. மூக்கின் வழி மூளைக்கேறும் அமீபா 2024இல் கேரளத்தில் சிறுவர்களின் உயிரைப் பறித்ததை நேயர்கள் அறிவர்.

மூக்கைச் சிந்தாதீர், தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முக. தலையணையை உயர்த்திப் படுத்தால் வீக்கம் விரைவில் வடியும். பொருக்கை விரலால் பெயர்ப்பது, புண்ணை மீண்டும் கிளறுவதேயாகும். அடைப்பு நீக்கும் சொட்டுமருந்தை வைத்தியர் குறித்த சில நாட்களுக்கு மேல் தொடர்ந்தால், அம்மருந்தே அடைப்புக்குக் காரணமாகிவிடும்.

ஹைதராபாத்தின் ஜீடிமெட்லா தொழிற்பேட்டையில் இரசாயன, மருந்து ஆலைகள் பல உண்டு. அத்தகைய இடத்தில் உழைப்பவருக்குச் சிக்கல் வேறு. கூலி குறையுமே என்று மூன்றாம் நாளே வேலைக்குத் திரும்பத் தோன்றும். தூசியும் கரைப்பான் ஆவியும் புதுச்சவ்வை எரிக்கும். துணி முகமூடி ஆவியைத் தடுக்காது. பளு தூக்கினால் குருதி கசியும். ஆகவே எத்தனை நாள் ஓய்வு, என்ன வேலை கூடாது என்பதை வைத்தியரிடம் எழுத்தில் வாங்கி மேற்பார்வையாளரிடம் காட்டுக. வாய்மொழியாகச் சொன்ன ஓய்வு, ஆலை வாயிலில் செல்லுபடியாவதில்லை.

குருதி கசிந்தால் அண்ணாந்து பார்க்க வேண்டாம். முன்குனிந்து உட்கார்ந்து, மூக்கின் மென்பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துக. அதன் பின்னும் நிற்கவில்லையென்றாலோ, கடும் காய்ச்சலோ பார்வை மங்கலோ கண்டாலோ, விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்க.