சுவா சூ காங்கில் வாடகை வீடா?
சிங்கப்பூரின் மேற்கே சுவா சூ காங்கில் எம்.ஆர்.டி. நிலையம் 1990-ல் திறக்கப்பட்டது. ரயிலடி பக்கம், கடைகள் பக்கம் என்றதும் முன்பணத்தை நீட்டிவிடாதீர்கள்!

இங்குள்ள அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலானவை வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டியவை. முழு வீட்டையும் வாடகைக்கு விட, உரிமையாளர் சிங்கப்பூர்க் குடிமகனாக இருக்க வேண்டும்; குறைந்தது 5 ஆண்டு அதில் குடியிருந்திருக்க வேண்டும். கழகத்தின் அனுமதியும் தேவை. 6 மாதத்துக்குக் குறைவாக விடக்கூடாது.

அனுமதியில்லாத வீடென்றால், அவர் செய்த தவறுக்கு நாம்தான் பிள்ளைகுட்டிகளோடு பெட்டி கட்ட நேரும்.

ஆகவே அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். 14 நாளுக்குள் முத்திரை வரியும் கட்டிவிடுங்கள். மொத்த வாடகையில் 100 வெள்ளிக்கு 40 காசுதான். வழக்கென்று வந்தால் முத்திரையிட்ட ஒப்பந்தமே கைகொடுக்கும்.